பழைய ரோட்டவேட்டரை மீண்டும் உழவுக்குக் கொண்டுவருதல்: செட்டிநாட்டுப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரையிலும், அந்தப் பக்கம் கண்டனூர், புதுவயல் வரையிலும் உள்ள தோட்டங்களில், மாட்டுக் கொட்டில் ஓரமாகவோ வேலியை ஒட்டியோ பழைய ரோட்டவேட்டர்கள் கிடப்பதைப் பார்க்கலாம். டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பின்னால் மாட்டும் இந்தக் கருவி மட்டும், சத்தம் போடுகிறது என்றோ எண்ணெய் கசிகிறது என்றோ ஏதோ ஒரு பருவத்தில் கழற்றி வைக்கப்பட்டு, பிறகு யாரும் தொடாமலேயே துருவேறிப் போயிருக்கும். இவற்றில் பல, பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போக வேண்டியவை அல்ல. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஓர் ஆயில் சீல், அதாவது தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், நேரத்துக்கு மாற்றப்படாததால் முடங்கியவை அவற்றில் கணிசமாக இருக்கும்.

ஸ்பேனர் பிடித்துப் பழகியவர், ஆனால் இப்படிப்பட்ட கருவியை இதுவரை பிரித்துப் பார்க்காதவர் என்று உங்களைக் கருதிக்கொண்டு இதை எழுதுகிறேன். வேலையின் வரிசை உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. முதலில் கியர் பெட்டி, அடுத்து பக்கப் பெட்டி, அதற்குப் பிறகு ரோட்டரும் கத்திகளும், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். கருவி கிடைத்த மறுநாளே துருவைத் தேய்த்துச் சிவப்பு வண்ணம் அடித்துவிட்டு, பெட்டிக்குள் தண்ணீர் கலந்த எண்ணெயை அப்படியே விட்டுவைப்பவர்கள், அடுத்த பருவத்தில் பேரிங்கையும் கியர் பற்களையும் இழக்கிறார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பது தானே விளங்கும். டிராக்டரின் பின்புறம் உள்ள, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. பெரும்பாலான டிராக்டர்களில் அது 35 மில்லிமீட்டர் விட்டமும் நீளவாக்கில் வெட்டிய ஆறு ஸ்ப்லைன் பற்களும் கொண்டது. இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் உள்ள நீளும் தண்டு ஒன்று அந்தச் சுழற்சியை ரோட்டவேட்டரின் நடு கியர் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. அங்கே பினியன் என்ற சிறு பல் சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பல் சக்கரமும் அதைச் செங்கோணத்தில் பக்கவாட்டுக்குத் திருப்புகின்றன. பக்கப் பெட்டிக்குள் இருக்கும் செயினோ கியர் வரிசையோ அதைக் கீழே உள்ள ரோட்டருக்கு இறக்குகிறது. ரோட்டரில் வரிசையாக மாட்டப்பட்ட எல் வடிவக் கத்திகள் மண்ணை வெட்டிப் பின்பலகையின் மேல் வீசி நொறுக்குகின்றன. இந்தப் பாதையில் இரண்டு இடங்களில் எண்ணெய் தேங்கி நிற்க வேண்டும். கோளாறுகளில் பெரும்பகுதி அந்த இரண்டு இடங்களில்தான் தொடங்குகிறது.

மீட்கத் தகுந்ததுதானா

கையில் சுத்தியலும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு, பிரிப்பதற்கு முன்பே ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். நடு கியர் பெட்டி வார்ப்பிரும்பால் ஆனது. பேரிங் உட்காரும் இடத்தை ஒட்டி அதில் விரிசல் ஓடியிருந்தால், அதைப் பற்றவைத்துச் சரிசெய்வது பெரும்பாலும் நிலைக்காது, ஏனெனில் சூட்டில் அந்த உட்காரும் இடமே கோணிப்போகும். ரோட்டர் குழாயை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள்; கணீரென்று கேட்கும் ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால், அங்கே இரும்பு உள்ளிருந்து அரித்து மெலிந்திருக்கலாம். கிரவுன் பினியன் பல் உடைந்து, அந்த மாடலுக்கான உதிரிப் பாகமும் கடைகளில் கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், அத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. வேளாண் பொறியியல் துறை வழியாகப் புதிய கருவிக்கு மானியம் பெற வழி உண்டு. குறைந்த வாடகைக்கு அரசுக் கருவிகளையும் எடுக்கலாம். உடைந்த வார்ப்பில் பணத்தைக் கொட்டுவதைவிட அவை மேல்.

மற்றபடி, வளைந்த பின்பலகை, துருவேறிய மேல் உறை, தேய்ந்த கத்திகள், இறுகிப்போன போல்ட்டுகள் ஆகிய எதுவும் உங்களைத் தயங்கச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கருவியின் அகலம் உங்கள் டிராக்டருக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடி அகலத்துக்கு ஏழெட்டுக் குதிரைத்திறன் வேண்டும் என்ற தோராயக் கணக்கு போதும். 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு நாலரை அடி வரை வசதியாக இருக்கும். ஐந்தடி என்றால் செம்மண் காய்ந்து இறுகிய நேரத்தில் எஞ்சின் திணறும். இன்னொன்று, பழைய டிராக்டர்கள் சிலவற்றில் ஒற்றைக் கிளட்ச் மட்டுமே இருக்கும். அதை மிதித்தால் வண்டியும் ரோட்டரும் சேர்ந்தே நின்றுவிடும். அதனால் உழவு கெடாது என்றாலும், ஓட்டுபவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிரிக்கத் தொடங்கும்போது

கருவியை டிராக்டரிலிருந்து கழற்றி, நிழலான சமதளத்தில், இரண்டு பக்கமும் கனமான பனங்கட்டைகளின் மேல் உட்கார வையுங்கள். டிராக்டரில் மாட்டியபடியே அடியில் வேலை செய்ய நேர்ந்தால், எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொண்டு, கருவியின் கீழே கட்டை முட்டுக் கொடுத்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஹைட்ராலிக் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பதை மட்டும் நம்பி யாரும் அதன் அடியில் போகக் கூடாது.

ஒட்டியிருக்கும் மண்ணை முதலில் கரண்டியால் காயச் சுரண்டி எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால், ஏற்கெனவே கிழிந்திருக்கும் சீல் வழியாகச் சேறு இன்னும் உள்ளே போகும். போல்ட்டுகளுக்கு டீசலையும் கியர் ஆயிலையும் சம அளவில் கலந்து தடவி, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ரிங் ஸ்பேனரால் முயலுங்கள். வாய் திறந்த ஸ்பேனர் போல்ட் தலையை உருட்டிவிடும். கத்திகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அசையாவிட்டால் அவற்றோடு போராட வேண்டாம், கட்டிங் வீலால் வெட்டி எடுங்கள். அவற்றை எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறீர்கள். பெட்டிகளின் போல்ட்டுகளுக்கு மட்டும் பொறுமை வேண்டும், ஏனெனில் வார்ப்புக்குள் மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு தகடும் ஷிம்மும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று குறித்து, தனித்தனி டப்பாக்களில் போடுங்கள். பேரிங் மூடியின் அடியில் இருக்கும் மெல்லிய ஷிம்கள் கிரவுனும் பினியனும் சேரும் இடைவெளியைத் தீர்மானிப்பவை. இடது பக்கத்து ஷிம் வலது பக்கம் போய்விட்டால், புதிய பேரிங் போட்ட பிறகும் கருவி ஊளையிடும்.

ரோட்டரின் இரு முனைகளும் பெட்டிக்குள் நுழையும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே தண்டைச் சுற்றி விரல் கனத்துக்கு ஒரு கருப்பு வளையம் இறுகிக் கிடக்கும். கத்தியால் கீறினால், வைக்கோல், நைலான் கயிறு, உரச் சாக்கின் நூல், சீமைக் கருவேல வேரின் நார், துண்டு வேலிக் கம்பி எல்லாம் எண்ணெயிலும் சேற்றிலும் ஊறி ஒன்றாக அழுந்தியிருப்பது தெரியும். உழும்போது சுற்றிக்கொண்ட நூல், ஒவ்வொரு சுற்றிலும் உள்பக்கமாக நகர்ந்து, சீலின் ரப்பர் உதட்டுக்கு அடியில் நுழைகிறது. உதடு சூடேறிக் கருகுகிறது, எண்ணெய் வெளியே வழிகிறது, எண்ணெய் போன வழியில் கண்மாய்ச் சேறு உள்ளே வருகிறது. இந்தக் கருவி ஏன் முடங்கியது என்ற கேள்விக்கான பதில் அனேகமாக இந்த வளையத்தில்தான் இருக்கும். அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி முழுவதும் எடுத்த பிறகுதான் ரோட்டரைக் கழற்ற முடியும்.

பெட்டிகளுக்குள்

வடிகால் போல்ட்டைத் திறந்து, பழைய எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். அதைக் கொட்டிவிடாமல் ஓர் இரவு வைத்திருங்கள். கருப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் வயதானது, அவ்வளவுதான். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேரிங்குகளைத் துரு தொட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலுக்கிடையே தேய்த்து வெயிலில் பார்க்கும்போது மினுமினுக்கும் பொடி தெரிந்தால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. நகக்கண் அளவு செதில்கள் அகப்பட்டால் பல் உடைந்திருக்கிறது.

பிறகு பெட்டியில் இரண்டு லிட்டர் டீசல் ஊற்றி, தண்டைக் கையால் மெதுவாகப் பல முறை சுற்றி வடியுங்கள். வடிவது தெளிவாகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும், அதை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். கழுவிய பின் மூடியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பற்களின் முகத்தில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தாலும் கருவி பல பருவம் உழும். விளிம்பு பெயர்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பற்கள் நன்றாக இருந்து, பேரிங்கிலும் ஆட்டம் இல்லாவிட்டால், கிரவுனையும் பினியனையும் பிரிக்க வேண்டாம் என்பதே புதியவர்களுக்கு என் அறிவுரை. அவற்றை மீண்டும் சரியான இடைவெளியில் உட்கார வைப்பது பழகிய கையின் வேலை. பிரித்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒரு பகுதியை மட்டும் டிராக்டர் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பேரிங்கைக் கழுவிக் காயவைத்து, உள்வளையத்தைப் பிடித்து வெளிவளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று தடங்கினாலோ, மேலும் கீழும் அசைந்தாலோ மாற்றுங்கள். காற்றடித்துச் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. எண்ணெய் இல்லாத பேரிங்கை அப்படிச் சுழற்றினால் குண்டுகள் கீறிக்கொள்ளும். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையே எடுத்துப் போவது நல்லது, எண் அழிந்திருந்தாலும் அளந்து சொல்லிவிடலாம். இந்த வகைக் குண்டு பேரிங்குகளின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்: 6207 என்றால் 35, 6208 என்றால் 40. ஆயில் சீலில் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும், 45 62 8 என்பது போல. அவை முறையே தண்டின் விட்டம், துளையின் விட்டம், கனம்.

சீல் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். ஆனால் புதிய சீலைப் போடுவதற்கு முன்னால், பழைய சீலின் உதடு உரசிய இடத்தில் தண்டின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால், எத்தனை புதிய சீல் போட்டாலும் அந்த இடத்தில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். பள்ளம் லேசானதாக இருந்தால், துளையில் இடம் உள்ளபோது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே விட்டோ உட்கார வைத்தால் உதடு புது இடத்தில் உரசும். ஆழமானதாக இருந்தால், லேத் பட்டறையில் அந்த இடத்தைக் கடைந்து மெல்லிய வளையம் ஒன்றை இறக்கச் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கம் இதை நேர்த்தியாகச் செய்யும் கைகள் இன்னும் இருக்கின்றன.

சீலைப் பொருத்தும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். தண்டில் ஸ்ப்லைன் பற்களோ சாவிக் குழியோ இருந்தால், அவற்றின் கூர் விளிம்பு ரப்பரைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய டேப்பைச் சுற்றி, சீல் இறங்கியதும் டேப்பை உருவி எடுங்கள். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியாக ஒரு குழாய்த் துண்டை அதன் மேல் வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டினால் தகடு வளையும்.

பக்கப் பெட்டியில் செயின் இருந்தால், அதைக் கழுவித் தரையில் இழுத்துப் போட்டு அளக்க வேண்டும். ஒரு அங்குல இடைவெளி உள்ள செயினில், பின்னின் மையத்திலிருந்து பன்னிரண்டு கண்ணி தள்ளி உள்ள பின்னின் மையம் வரை 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 311 மில்லிமீட்டரைத் தாண்டினால் செயின் நீண்டுவிட்டது என்று பொருள். அதை மாற்றாமல், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மட்டும் முறுக்குவது பல் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பெட்டியின் மேல் சிறிய தொப்பி போல இருக்கும் காற்றுப் போக்கியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உழும்போது எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அதன் துளை சேற்றால் அடைபட்டிருந்தால், விரிந்த காற்று போக வழியில்லாமல் புதிய சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயையும் வெளியேற்றிவிடும். புதிய சீல் போட்ட பிறகும் கசிகிறது என்று வருந்துபவர்கள் முதலில் இந்தத் துளையைக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும்.

மூடிகளுக்குப் பேக்கிங் தாளை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். எல்லாம் பொருத்தியதும், சமதளத்தில் வைத்து, அளவுத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை 90 எண் கொண்ட, அழுத்தம் தாங்கும் கியர் ஆயிலை ஊற்றுங்கள். கருவியின் கையேடு கிடைத்து அதில் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் சூடேறிக் கசியும்.

ரோட்டரும் கத்திகளும்

ரோட்டர் நேராக இருக்கிறதா என்று பார்க்க, சட்டத்தில் ஒரு விறைப்பான கம்பியைக் கட்டி, அதன் நுனி குழாயைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, ரோட்டரைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் அகன்று எதிர்ப்புறத்தில் மூடினால் குழாய் வளைந்திருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டறையில் நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த அதிர்வு புதிய பேரிங்குகளைத்தான் அடிக்கும்.

கத்தி மாட்டும் வட்டத் தகடுகள் குழாயில் பற்றவைக்கப்பட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக் கூடும். இதற்கு ஒரு பழைய பட்டறை முறை உண்டு. அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, துணியால் ஈரம் போகத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் பொடியில் ஊறி மயிரிழை போன்ற கருங்கோடாக மேலே வரும். அந்த இடத்தைக் கிரைண்டரால் திறந்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது எர்த் கிளாம்பை ரோட்டர் குழாயிலேயே மாட்டுங்கள்; சட்டத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் தீப்பொறித் தழும்பு விழுந்துவிடும்.

நமது சரளை கலந்த செம்மண்ணும் செம்புறாங்கல் துண்டுகளும் கத்தியை விரைவாகத் தின்னும். கத்தியின் அகலம் பாதியாகக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல், ஒரே தகட்டில் எதிரெதிராக உள்ளவற்றைச் சோடியாக மாற்றினால் எடை சமமாக இருக்கும். கத்திகளில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. ஒரு தகட்டில் பெரும்பாலும் மூன்று இடதும் மூன்று வலதுமாக வரும். கூராக்கப்பட்ட விளிம்பு சுழலும் திசையில் முன்னால் போய் மண்ணைத் தொட வேண்டும், முதுகுப்புறம் அல்ல. இரு ஓரங்களிலும் உள்ள கடைசித் தகடுகளில் கத்திகள் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத் தகட்டில் உரசும். பிரிக்கும்போது எடுத்த படங்கள் இங்கே கைகொடுக்கும்.

போல்ட்டுகளை வாங்கும்போது தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத சாதாரண போல்ட் ஒரே நாளில் நீண்டு தளர்ந்துவிடும். 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்குச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை. அளவு காட்டும் ஸ்பேனரை ஒரு முறையாவது இரவல் வாங்கி இறுக்கிப் பார்த்தால், கைக்கு அந்த அளவு பழகிவிடும்.

துருவை எடுத்தல்

செட்டிநாட்டில் ஆண்டின் பெரும்பகுதி வறட்சிதானே, துரு எப்படி இத்தனை வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கருவி எங்கே கிடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மாட்டுக் கொட்டிலின் தரையில் ஊறியிருக்கும் மூத்திரத்தின் உப்பும், கோழி எச்சமும், உர மூட்டையிலிருந்து சிந்திய யூரியாவும் இரும்பை அரிக்கும். உழவு முடிந்து கழுவாமல் விட்ட மண் இரவுப் பனியின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெரிய தகடுகளுக்குக் கம்பி பிரஷும், அதன் பின் உப்புத்தாளும் போதும். தேய்க்கும்போது கண்ணாடியும் முகக் கவசமும் கட்டாயம். பற்களும் இடுக்குகளும் நிறைந்த சிறு பாகங்களுக்கு, அதாவது லிங்க் பின்கள், கொக்கிகள், டென்ஷனர் தகடு போன்றவற்றுக்கு, மின்னாற்பகுப்பு முறையை நான் பெரிதும் விரும்புகிறேன். துரு மட்டும் போகும், நல்ல இரும்பு ஒரு துளியும் தேயாது. 1953 சனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் வாயில் சிக்ரி, காரைக்குடியிலேயே இருக்கிறது; அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த அந்த நிறுவனம் ஆராயும் துறைகளில் உலோக அரிப்பும் ஒன்று. அந்த மின்வேதியியலின் எளிய பாடத்தைத்தான் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்து நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

இருபது லிட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணையுங்கள். பழைய இரும்புத் தகடு ஒன்றை வாளியின் மறுபக்கத்தில், பாகத்தைத் தொடாமல் நிறுத்தி, நேர்முனையை அதில் கொடுங்கள். முனைகள் மாறினால் நல்ல பாகம்தான் கரையும், ஆகவே மின்சாரம் கொடுக்கும் முன் மறுபடி ஒரு முறை சரிபாருங்கள். குமிழிகள் எழும், சில மணி நேரத்தில் துரு கருப்புச் சேறாக இளகும். சார்ஜரை அணைத்த பிறகு பாகத்தை எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

எச்சரிக்கைகள் சில. குமிழியாக வருவது ஹைட்ரஜன், எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடியோ அடுப்போ வேண்டாம். எவர்சில்வர் தகட்டை நேர்முனையில் வைக்கவே கூடாது, அதிலிருந்து நச்சுத் தன்மையுள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். அலுமினியப் பாகங்களைச் சோடா அரிக்கும். கத்திகள், ஸ்பிரிங்குகள், உயர்வலு போல்ட்டுகள் ஆகியவற்றை இந்த வாளியில் போட வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான எஃகை நொறுங்கும்படி செய்துவிடும். வெளியே எடுத்த பாகம் ஈரத்தோடு இருந்தால் கண்முன்னேயே மஞ்சள் பூக்கும். உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும்.

பெயிண்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தின்னரால் துடைத்த தகட்டில் ரெட் ஆக்சைடு ப்ரைமர் ஒரு கை, நன்றாகக் காய்ந்த பின் எனாமல் இரண்டு கை. மழைக்காலத்து ஈரக் காற்றில் அடிக்காதீர்கள். காற்றுப் போக்கி, கிரீஸ் நிப்பிள், சீலின் உதடு, பெயர்ப் பலகையின் எண் ஆகியவற்றின் மேல் படாமல் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

நீளும் தண்டும் அதன் உறையும்

யுனிவர்சல் ஜாயிண்ட் சிலுவைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சிலுவையை மாற்றி, நிப்பிள் வழியாக நான்கு முனையிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றுங்கள். தண்டை இரண்டாக உருவி மீண்டும் சேர்க்கும்போது, நடுவில் உள்ள இரண்டு கவைகளும், அதாவது சிலுவையைப் பிடித்திருக்கும் கவட்டை வடிவப் பாகங்களும், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலும் சுழற்சி சீராக இல்லாமல் துடித்து, கியர் பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் உதை வாங்கும். உழும் நிலையில் இரண்டு பாதிகளும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். முழுவதும் தூக்கிய நிலையிலும் உள்ளே முட்டக் கூடாது. முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கே உடையும்.

தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத கருவியை நான் ஓட்டச் சொல்ல மாட்டேன். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. வேட்டியின் முனையோ தோளில் கிடக்கும் துண்டோ சேலைத் தலைப்போ அதில் மாட்டினால், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. பழைய உறை உடைந்திருந்தால், எந்தச் செலவை ஒத்திப்போட்டாலும் இந்தச் செலவை ஒத்திப்போடாதீர்கள். உறை சுழலாமல் நிற்க அதன் சங்கிலியைச் சட்டத்தில் மாட்டுங்கள். கால்சட்டை அணிந்தவர், துண்டைக் கழற்றி வைத்தவர் மட்டுமே ஓடும் கருவியின் பக்கம் வரட்டும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

டிராக்டரில் மாட்டி, கத்திகள் தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கி, எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் பி.டி.ஓ.வைப் போடுங்கள். பக்கவாட்டில் நிற்காமல், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் எஞ்சினை அணைத்து, ரோட்டர் முழுவதும் நின்றதும் இறங்கிப் பெட்டிகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமாகவோ எண்ணெய் தவறான அளவிலோ இருக்கிறது. சீல்களின் கீழே காகிதத்தை வைத்துப் பாருங்கள், ஒரு சொட்டுக் கறை விழுந்தாலும் மீண்டும் திறக்க வேண்டும். அதன் பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள்.

இந்த வேலையைச் சித்திரை, வைகாசியில் தொடங்கிவிட்டால், ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு நிலத்தைத் தயாரிக்கும்போது கருவி கையில் இருக்கும். முதல் உழவைச் சேற்றில் தொடங்க வேண்டாம். கோடை மழைக்குப் பிறகு பதம் வந்த புழுதியில், நான்கு அங்குல ஆழத்தில், தாழ்ந்த கியரில் தொடங்குங்கள். வயலில் சீமைக் கருவேலக் கட்டைகளையும் கம்பித் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி எல்லாக் கத்திப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள், புதிய போல்ட் முதல் மணியில் கொஞ்சமாவது தளரும். வயல் ஓரத்தில் திரும்பும்போது கருவியை மேலே தூக்கினால் தண்டு கூர்மையான கோணத்தில் வளையும்; அந்த நேரத்தில் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுவது ஜாயிண்டுகளின் ஆயுளைக் கூட்டும்.

முதல் சில நாள் உழவு முடிந்ததும் இரண்டு பெட்டிகளின் எண்ணெயையும் சூட்டோடு வடித்து மாற்றுங்கள், புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்ந்த பொடியெல்லாம் அதில்தான் இருக்கும். தண்ணீர் கட்டிச் சேற்றில் உழும் தொளி உழவு தொடங்கிவிட்டால், ஒவ்வொரு மாலையும் ரோட்டர் முனைகளில் சுற்றிய நாரையும் கயிற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும். பருவம் முடிந்ததும் மண்ணைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, கத்திகளிலும் பினியன் ஸ்ப்லைனிலும் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவி, கட்டைகளின் மேல் ஏற்றி, மாட்டுக் கொட்டிலுக்கும் உர மூட்டைகளுக்கும் தள்ளி, காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் நிறுத்தி வையுங்கள். நீளும் தண்டைக் கழற்றி உள்ளே சுவரில் தொங்கவிடுங்கள்.